ஓங்கிலுக்கு உணவிடலாமா? – கொடைமடமும் கானுயிர்ச் சட்டமும்

முன்னுரை

சில ஆண்டுகளுக்கு முன் நம் துறை மாணவர்களை ஏற்காட்டுக்குக் கல்விச் சுற்றுலா அழைத்துச் சென்றோம். மலைப்பாதையின் ஒரு கொண்டைஊசி வளைவில் பேருந்து நின்றது. கைப்பிடிச் சுவரின்மேல் குரங்குகள் வரிசையாக அமர்ந்திருந்தன. மாணவர்கள் வாழைப்பழங்களை எடுத்து நீட்டினர். குரங்குகளும் அச்சமின்றி வந்து வாங்கின. அவ்வேளையில், எறியப்பட்ட பழத்தை நோக்கிக் குட்டி ஒன்று சாலையின் குறுக்கே ஓடியது. கீழிறங்கி வந்த வேன் ஓட்டுநர் உயிரைப் பிடித்துக்கொண்டு வண்டியை நிறுத்தினார். குட்டி தப்பியது. சில அடி தொலைவில் வனத்துறையின் பலகை நின்றது. கானுயிர்களுக்கு உணவளித்தல் தண்டனைக்குரியது என்று அதில் எழுதியிருந்தது.

பேருந்து மீண்டும் புறப்பட்டதும் மாணவர் ஒருவர் கேட்டார்: "ஐயா, பசித்த உயிருக்கு உணவிடுவது தருமம் என்றுதானே வகுப்பில் சொல்கிறீர்கள்? தருமம் எப்படிக் குற்றமாகும்?"

அன்று நாம் கூறிய விடை அவருக்கும் நிறைவளிக்கவில்லை, நமக்கும் நிறைவளிக்கவில்லை. கோயில் குளத்து மீன்களுக்குப் பொரி இடுகிற கையும், தர்காப் புறாக்களுக்குத் தானியம் இறைக்கிற கையும் நம் மண்ணின் கைகள். அக்கையைச் சட்டம் தடுக்குமானால் அதற்குத் தக்க காரணம் இருக்க வேண்டும். அக்காரணத்தைத் தேடிப் படித்தபோது, அது மிகத் தெளிவாகப் புலப்படும் இடம் மலைப்பாதையன்று, ஆறு என்பது தெரிந்தது. ஆற்றில் வாழும் ஓங்கில்களுக்கு மீன் கொடுத்து மகிழும் சுற்றுலாவும், அதனை நெறிப்படுத்த வந்த சட்டங்களும் அம்மாணவரின் வினாவுக்கு விடை தருகின்றன. அவ்விடையை இம்மலரின் வழியே முன்வைக்க முற்படுகிறோம்.

ஓங்கில்: சொல்லும் உயிரும்

'டால்பின்' என்று இன்று நாம் வழங்கும் உயிருக்கு ஓங்கில் என்னும் அழகிய தமிழ்ப்பெயர் உண்டு. நம் கடற்கரை மீனவர்கள் இதனை நன்கறிவர். மீனைப் போன்ற வடிவம் உடையதாயினும் இது மீனன்று. நுரையீரலால் மூச்சு விடுவது. கன்று ஈன்று பாலூட்டுவது. ஓங்கில்களுட் பெரும்பாலானவை கடலில் வாழ்வன. சில இனங்கள் மட்டும் ஆறுகளையே வாழிடமாகக் கொண்டன. நம் மணிமுத்தாற்றிலோ வெள்ளாற்றிலோ காவிரியிலோ அவை இல்லை. கங்கை, பிரம்மபுத்திரா, சிந்து, தென்அமெரிக்காவின் அமேசான் முதலிய பேராறுகளே அவற்றின் இருப்பிடம்.

கங்கை ஓங்கிலை நம் முன்னோர் பழங்காலந்தொட்டே அறிந்திருந்தனர். கொல்லத்தகாத உயிர்கள் என அசோகர் தம் ஐந்தாம் தூண் கல்வெட்டில் வகுத்த பட்டியலில் 'கங்கா புபுடகம்' என ஒன்று வருகிறது. அது ஓங்கிலே என்பது அறிஞர் பலர் கருத்து. இந்துஸ்தானத்தின் உயிரினங்களைத் தம் வாழ்க்கைக் குறிப்பில் ஆர்வத்தோடு விவரித்த மன்னர் பாபரும், நீரின்மேல் திடீரெனத் தோன்றி மறையும் இவ்வுயிரைப் பற்றி எழுதியுள்ளார்.

கங்கை ஓங்கிலுக்குப் பார்வை இல்லையென்றே கூறலாம். அதன் கண்ணில் வில்லை கிடையாது. ஒளி உண்டா, இல்லையா என்பதை மட்டும் ஓரளவு உணரும். கலங்கிய நீரில் தான் எழுப்பும் ஒலியின் எதிரொலியைக் கொண்டே வழி அறிகிறது, இரை தேடுகிறது. ஒலியே அதற்குக் கண். இச்செய்தியை நினைவிற் கொள்ள வேண்டுகிறோம். பின்னர் இது நமக்குப் பயன்படும்.

2009ஆம் ஆண்டு இந்திய அரசு கங்கை ஓங்கிலைத் தேசிய நீர்வாழ் விலங்காக ஏற்றது. 2025 மார்ச்சில் வெளியான கணக்கெடுப்பின்படி, எட்டு மாநிலங்களின் 28 ஆறுகளில் 6,327 ஆற்று ஓங்கில்கள் உள்ளன. உத்தரப் பிரதேசத்தில் 2,397, பீகாரில் 2,220. பஞ்சாபின் பியாஸ் ஆற்றில் வாழும் சிந்து ஓங்கில்களோ மூன்றே மூன்று. சீனத்தின் யாங்சி ஆற்று ஓங்கிலின் கதை இதனினும் துயரமானது. 2006இல் ஆய்வாளர்கள் அவ்வாறு நெடுகத் தேடியும் ஒன்றுகூடக் கண்ணிற் படவில்லை.

அமேசானில் நிகழ்ந்தது

பிரேசில் நாட்டில் அமேசானின் பெருங்கிளையாறு ரியோ நீக்ரோ. அதன் கரையில் நோவோ அய்ராவோ என்னும் சிற்றூர் உள்ளது. 1990களின் இறுதியில், அங்கு ஆற்றில் மிதக்கும் உணவகம் ஒன்றைச் சார்ந்தோர், அருகில் வந்த இளஞ்சிவப்பு நிற ஓங்கில்களுக்கு மீன் கொடுக்கத் தொடங்கினர். நாளடைவில் ஓங்கில்கள் பழகின. செய்தி பரவியது, சுற்றுலாப் பயணிகள் திரண்டனர். மீன் வாங்கி நீட்டுவதும், நீரில் இறங்கி ஓங்கிலைத் தடவுவதும் அவ்வூரின் அடையாளமாயின.

இதில் நன்மை இல்லாமலில்லை. அமேசான் மக்களின் கதைகளில் இவ்வோங்கில் மாயம் மிக்கது. திருவிழா இரவில் வெண்ணிற ஆடையும் தொப்பியும் அணிந்த அழகிய இளைஞனாய்க் கரையேறி, மங்கையரை மயக்கிச் செல்லும் என்பர். வலையைக் கிழித்து மீனைக் கவரும் பகையாகவும் மீனவர் பலர் அதனைக் கருதினர். வேறு பகுதிகளில் பிராகாட்டிங்கா என்னும் மீனைப் பிடிப்பதற்கு ஓங்கிலைக் கொன்று அதன் தசையைத் தூண்டிலிரையாக்கும் கொடுமை பெருகியது. அதனைத் தடுக்கவே 2015 முதல் அம்மீன்பிடிப்பைப் பிரேசில் அரசு நிறுத்தி வைத்தது. ஓரிடத்தில் மீனைக் காட்டி ஓங்கிலை அழைத்தனர்; மற்றோரிடத்தில் ஓங்கிலை அறுத்து மீனை அழைத்தனர். இவ்விரண்டையும் ஒப்பிடுவோர், 'கொல்வதைவிட ஊட்டுவது மேலன்றோ?' என்று கேட்பர். ஓங்கிலால் வருவாய் வந்ததும் ஊரார் அதனைப் போற்றத் தொடங்கினர் என்பதும் மறுக்க இயலாத உண்மை.

ஆயினும், கொல்லாமை மட்டுமே நன்மை ஆகிவிடாது. உணவிடும் இடத்தில் ஓங்கில்கள் ஒன்றையொன்று கடித்து மோதிக்கொண்டதையும், மீனுக்காக முண்டியபோது பயணிகளும் கடிபட்டதையும் ஆய்வாளர்கள் பதிவு செய்தனர். வலிய விலங்கு வயிறு நிறைய உண்ண, மெலியது ஒதுங்கியது.

உணவால் விளையும் தீங்கு

உணவிடுவதன் தீங்கை மூவகையாகப் பகுத்துக் காணலாம்.

முதலாவது, அச்சம் அகலுதல். மனிதனைக் கண்டு விலகுவதே கானுயிருக்குக் காவல். படகென்றால் உணவு என்று கற்ற ஓங்கில், அன்பர் படகையும் கொல்வோர் படகையும் பிரித்தறியாது. சுழலும் விசிறியையும் விரித்த வலையையும் அஞ்சாது. ஏற்காட்டுச் சாலையில் நாம் கண்ட குரங்குக் குட்டியின் நிலையும் இதுவே.

இரண்டாவது, இயல்பு திரிதல். கூடி வேட்டையாட வேண்டிய உயிர்கள் ஒரு கைப்பிடி மீனுக்காகப் போட்டியிடுகின்றன. பழைய மீனாலும் பயணியர் கைகளாலும் நோய் பரவவும் வழி உண்டாகிறது.

மூன்றாவது, கன்றின் கல்வி கெடுதல். இது மூன்றினும் கொடியது. மேற்கு ஆஸ்திரேலியாவின் மங்கி மியா கடற்கரையில் 1960கள் முதல் மக்கள் கடல் ஓங்கில்களுக்கு மீன் கொடுத்து வந்தனர். உணவு பெற்ற தாய்களின் கன்றுகள், மற்றத் தாய்களின் கன்றுகளைவிட மிகுதியாக மடிந்தமை நெடுநாள் ஆய்வில் வெளிப்பட்டது. தாய் கரையோரம் மீனுக்குக் காத்துக் கிடக்க, கன்றுக்குப் பாலும் காவலும் குறைந்தன. 1990களின் நடுவில் விதிகள் இறுக்கப்பட்டன. தேர்ந்தெடுத்த ஒரு சில பெண் ஓங்கில்களுக்கு மட்டும், அவற்றின் அன்றாடத் தேவையில் ஒரு சிறு பங்கே, காவலர் முன்னிலையில் காலையில் மட்டும் என வரையறுத்தனர். அதன்பின் கன்றுகள் பிழைப்பது கூடிற்று.

நம் விருத்தாசலத்துப் பீங்கான் தொழிற்கூடங்களைப் பார்த்தவர்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. பச்சைக் களிமண் எந்த அச்சில் வார்த்தாலும் அவ்வடிவம் பெறும்; சூளையில் வெந்தபின் அதனை மாற்ற இயலாது, உடைக்கத்தான் இயலும். கன்றுப் பருவமும் அத்தகையதே. தாயைப் பார்த்து இரந்துண்ணக் கற்ற கன்று, வேட்டையாடக் கற்க வேண்டிய நாட்களை இழந்துவிடுகிறது.

பிறநாட்டுச் சட்டங்கள்

கடல்வாழ் பாலூட்டிகளைக் காக்க அமெரிக்க ஐக்கிய நாடு 1972இல் சட்டம் இயற்றியது. அவற்றைத் தொல்லைப்படுத்துதல் அச்சட்டப்படி குற்றம். உணவிடுதல் தொல்லையா என்னும் ஐயம் எழுந்தபோது, 1991இல் விதியைத் திருத்தி, உணவிடுதலும் தடைக்கு உட்பட்டதே எனத் தெளிவாக்கினர். டெக்சாஸ் மாநிலத்தில் ஓங்கிலுக்கு மீனூட்டும் படகுச் சுற்றுலா நடத்தியோர் இவ்விதியை எதிர்த்து வழக்குத் தொடுத்தனர். 1993இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் விதி செல்லும் என்றே தீர்ப்பளித்தது. அன்போடு செய்வதும் இடையூறாகலாம் என்பதைச் சட்டம் ஏற்றுக்கொண்ட இடம் இது.

பிரேசிலில் 1987ஆம் ஆண்டுச் சட்டம் தம் நாட்டு நீர்ப்பரப்பில் திமிங்கிலம், ஓங்கில் இனங்களைப் பிடிப்பதையும் துன்புறுத்துவதையும் தடை செய்தது. நோவோ அய்ராவோவின் உணவிடும் இடம் அனவில்யானாஸ் தேசியப் பூங்காவின் எல்லைக்குள் அமைந்திருந்தது. ஆகவே, பூங்கா நிருவாகம் தலையிட்டது. அது சுற்றுலாவை முற்றாக மூடிவிடவில்லை, நெறிப்படுத்தியது. பயணிகள் தம் கையால் உணவிடுதல் நிறுத்தப்பட்டது. பயிற்சி பெற்றோர் மட்டும் அளவறிந்து மீன் கொடுக்கலாயினர். ஊராரின் வாழ்வும் ஓங்கிலின் வாழ்வும் ஒருங்கே நிற்க அவர்கள் கண்ட இடைவழி அது.

நம் நாட்டுச் சட்டம்

இந்தியாவில் இத்துறையின் முதன்மைச் சட்டம் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம். கங்கை ஓங்கில் அதன் முதல் அட்டவணையில் இடம்பெற்றுள்ளது. அவ்வட்டவணை உயிர்களை வேட்டையாடுவோர்க்கு மூன்று முதல் ஏழு ஆண்டு வரை சிறை உண்டு. 2022ஆம் ஆண்டுத் திருத்தம் அவர்களுக்குரிய குறைந்த அளவு அபராதத்தை 25,000 ரூபாயாக உயர்த்தியது.

இச்சட்டத்தில் மொழி பயில்வோர் கருதத்தக்க நுட்பம் ஒன்றுண்டு. 1991இல் சேர்க்கப்பட்ட உயிரியல் பூங்காக்கள் பற்றிய பகுதியில் 38ஜே என்னும் பிரிவு உள்ளது. பூங்கா விலங்கைச் சீண்டுதல், துன்புறுத்துதல், காயப்படுத்துதல், உணவிடுதல் ஆகியவற்றை அது ஒரே தொடரில் தடுக்கிறது. காயப்படுத்துதலுக்கு அருகிலேயே உணவிடுதலை நிறுத்தியிருக்கிறது சட்டம். ஆனால், சரணாலயங்கள் பற்றிய 27ஆம் பிரிவில் சீண்டுதலும் துன்புறுத்துதலும் குப்பை போடுதலும் தடுக்கப்பட்டுள்ளனவே தவிர, 'உணவிடுதல்' என்னும் சொல் இல்லை. கூண்டில் உள்ள விலங்குக்கு வெளிப்படையாகக் கிடைத்த காப்பு, கட்டற்ற விலங்குக்கு உரையாசிரியர் பொருள் விரிப்பதைப்போல் விரித்துத்தான் கிடைக்க வேண்டியிருக்கிறது. அமெரிக்கர் 1991இல் செய்ததைப்போல் அச்சொல்லை இங்கும் வெளிப்படையாகச் சேர்ப்பது நன்று என்பது நம் கருத்து.

நம் தமிழகத்துக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. 1998இல் சென்னையை அடுத்த கடற்கரைப் பகுதியில் வேடிக்கைக் காட்சிக்கென வெளிநாட்டிலிருந்து ஓங்கில்களைக் கொணர்ந்தனர். அவை நெடுநாள் வாழவில்லை. 2013 மே மாதம் மத்திய அரசு, ஓங்கில்களை அடைத்து வைத்துக் காட்சி நடத்த இசைவளிக்க வேண்டா என மாநிலங்களுக்கு அறிவுறுத்தியது.

கங்கை ஓங்கிலுக்குக் கையால் மீன் ஊட்டும் வழக்கம் வேரூன்றவில்லை. கண் தெரியாத, கூச்சம் மிக்க அவ்வுயிர் ஒரு நொடி தலைகாட்டி மறைந்துவிடும். ஆயின், அதற்கு இடையூறு வேறு வழிகளில் வருகிறது. வலையில் சிக்கி இறப்பது உண்டு. அதன் நெய்யை மீன் கவரும் பொருளாகப் பயன்படுத்தக் கொல்வதும் உண்டு. 1975இல் செயற்படத் தொடங்கிய பராக்கா போன்ற தடுப்பணைகள் அதன் வாழிடத்தைத் துண்டாக்கின. இயந்திரப் படகின் இரைச்சல் அதன் ஒலியுணர்வைக் குழப்புவதாக ஆய்வுகள் காட்டுகின்றன. ஒலியே கண்ணாக வாழும் உயிர் என்று முன்னர்க் கூறினோம். ஓங்கிலைப் பார்க்கும் ஆவலில் நாம் எழுப்பும் ஓசை, அதன் கண்ணில் மண்ணைத் தூவுவதாகும்.

பீகாரின் பாகல்பூர் மாவட்டத்தில் சுல்தான்கஞ்ச் முதல் கஹல்காவ் வரை கங்கையின் ஒரு பகுதி 1991இல் விக்ரமசீலா ஓங்கில் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. கங்கை ஓங்கிலுக்காகவே வாழ்நாளை அளித்த பாட்னாப் பேராசிரியர் ஆர். கே. சின்ஹாவுக்கு 2016இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. ஒடிசாவின் சில்கா ஏரியில் சாத்தபடாப் பகுதிப் படகோட்டிகள் பலருக்கு ஐராவதி ஓங்கில்களைக் காட்டுவதே பிழைப்பு. இயந்திரத்தின் வேகத்தைத் தணித்து, விலகி நின்று, துரத்தாது காட்டும் படகோட்டி உணவிடாமலே விருந்து அளிக்கிறார். கண்ணுக்கு விருந்து பயணிக்கு, அமைதி ஓங்கிலுக்கு, கூலி அவருக்கு. நமக்கேற்ற வழி இதுவே எனத் தோன்றுகிறது.

கொடைமடம்

இனி அம்மாணவரின் வினாவுக்கு வருவோம். தருமம் எப்படிக் குற்றமாகும்?

ஆடும் மயில் குளிரால் நடுங்குகிறதென்று எண்ணிப் போர்வை அளித்தான் பேகன். படரக் கொழுகொம்பின்றித் தளர்ந்த முல்லைக்குத் தேரை நிறுத்தினான் பாரி. பெறுவோர்க்கு அது தேவைதானா என ஆராயாது அளிக்கும் இவ்வியல்பினைக் 'கொடைமடம்' என்றனர் சான்றோர். மடம் என்றால் அறியாமை. எனினும் பேகனைப் பாடிய பரணர் அதனை இகழவில்லை, புகழ்ந்தார். ஏன்? பேகனின் அறியாமையால் இழப்புற்றவன் பேகன் மட்டுமே. போனது அவன் போர்வை. மயிலுக்குத் தீங்கில்லை. நம் மலைப்பாதைக் கொடையிலும் அமேசான் ஆற்றுக் கொடையிலும் நாம் இழப்பது ஒரு பழம், ஒரு மீன். உயிரையும் இயல்பையும் இழப்பதோ வாங்கும் உயிர். கொடுப்பவன் இழந்தால் அது கொடைமடம்; வாங்குபவன் இழந்தால் அதற்குக் கொடை என்னும் பெயரே பொருந்தாது.

அண்ணல் நபி (ஸல்) அவர்களின் மொழிகளில் விலங்கு பற்றிய இரண்டினை நாம் இளமை முதலே கேட்டு வளர்ந்தோம். ஒன்று, தாகத்தால் நாவறண்ட நாய்க்குக் கிணற்றில் இறங்கி நீர் மொண்டு தந்தவரின் பாவம் மன்னிக்கப்பட்டது. மற்றொன்று, பூனையை அடைத்து வைத்த பெண் தண்டனைக்கு உள்ளானாள். அவள் செய்த குற்றமாக அங்குச் சொல்லப்படுவன இரண்டு: அதற்கு உணவும் தரவில்லை, தானே இரை தேடி உண்ணும்படி அவிழ்த்து விடவும் இல்லை. பின்னதைப் பலகால் கேட்டும், அதன் இரண்டாம் பகுதியை நாம் ஊன்றி எண்ணியதில்லை. கட்டி வைத்த உயிருக்கு உணவிடுதல் கடமை. கட்டற்ற உயிருக்கோ, தன் இரையைத் தானே தேடும் வழியை விட்டு வைத்தலே கடமை. இவ்விரண்டு கடமைகளையும் ஒன்றாக எண்ணிக் குழம்பியதே நம் தவறு. வறட்சியில் தவிக்கும் உயிருக்கு நீர் தருவது வேறு. வேடிக்கைக்காகப் பழம் எறிவது வேறு.

முடிவுரை

2023ஆம் ஆண்டு கடும் வறட்சியில் பிரேசிலின் டெஃபே ஏரி நீர் கொதிப்பதுபோல் சூடேறியது. நூற்றுக்கும் மேற்பட்ட ஓங்கில்கள் மடிந்தன. எவர் கையில் இருந்த மீனும் அவற்றைக் காக்கவில்லை. அவற்றுக்குத் தேவைப்பட்டது தண்ணீர். குளிர்ந்த, ஆழமான, ஓடும் தண்ணீர். ஆற்றைக் காப்பதே ஆற்றுயிர்க்கு இடும் உணவு.

நம் மணிமுத்தாற்றில் ஓங்கில் இல்லை. ஆனால் மீனும் தவளையும் கொக்கும் உண்டு. அவற்றுக்கு நாம் பொரி இறைக்க வேண்டுவதில்லை. நெகிழிப் பையையும் கழிவையும் இறைக்காதிருந்தால் போதும். அரசியலமைப்பின் 51ஏ பிரிவு ஆறுகளையும் கானுயிர்களையும் காப்பதையும் உயிர்களிடத்து இரக்கம் கொள்வதையும் குடிமகனின் கடமையாக ஒரே தொடரில் வைத்திருக்கிறது. இரக்கமும் காவலும் அங்கே பிரிந்து நிற்கவில்லை.

அன்று வினா எழுப்பிய மாணவர் படிப்பை முடித்துச் சென்றுவிட்டார். இம்மலர் அவர் கைக்கு எட்டுமாயின், காலம் தாழ்ந்த இவ்விடையை ஏற்றுக்கொள்வாராக. தருமம் குற்றமாவதில்லை, தம்பி. வாங்கும் உயிரின் நலத்தை எண்ணாத கொடை தருமமாவதில்லை, அவ்வளவே. அடுத்த கல்விச் சுற்றுலாவில் வாழைப்பழங்களைப் பேருந்துக்குள்ளேயே உண்டு, தோலைப் பையிலிட்டு ஊருக்கு எடுத்து வருவோம். சுவரின்மேல் அமர்ந்த குரங்குகள் சிறிது நேரம் நம்மைப் பார்க்கும். பின் காட்டுக்குள் திரும்பும். அத்திருப்பமே நாம் அவற்றுக்கு அளிக்கும் கொடையாகட்டும்.